சுறாவின் வாயைக் கட்டியவர்

நம் தூத்துக்குடி முத்துக்குளித்துறையில் கரையில் நின்று மந்திரம் சொன்னவர்கள் உண்டு. அதற்குக் கூலியும் கிடைத்தது!

அப்படி நின்றவரைக் கடல்கட்டி என்றார்கள். சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த நாட்களில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு என்று எழுதிவைத்தார். இரவானால் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாகச் சிப்பி எடுக்க வருகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளும்!

தோணிகள் திரும்பும்வரை கரையில் நின்று மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சோறு, தண்ணீர் கூடாது. ஆனாலும் சிலர் நிற்க முடியாத அளவுக்குக் கள் குடித்ததை, இலங்கைச் சலாபத்தைப் பற்றி 1803-இல் எழுதிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ராபர்ட் பெர்சிவல் விட்டுவிடவில்லை.

16-ஆம் நூற்றாண்டில், முத்துக்குளித்த பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவிய பிறகும் வழக்கம் நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் இலங்கையில் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊருக்குப் போனபோது, பரம்பரைக் கடல்கட்டியே ஒரு கத்தோலிக்கர்தான். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. அதனால் என்ன, இன்னார் அனுப்பிய ஆள் என்றாலே சுறா மரியாதை கொடுக்கும் என்று சொல்லிவிட்டார்.