வாடகைக் கிட்டங்கியில் சரக்கு வைப்போர் கவனத்திற்கு

நமது உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கு வெளியே தனியாக ஓர் இடம் பிடித்துச் சரக்கு வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கடைத்தெருவில் இடம் சுருங்கிவிட்டது. வீட்டின் பின்கட்டில் மூட்டை அடுக்கிய காலமும் போய்விட்டது. ஆகவே ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டோ, பழைய மில்லின் ஒரு பகுதியோ மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்கள் தெற்குச் சீமையில் இதைக் கிட்டங்கி என்போம், மற்ற ஊர்களில் குடோன் என்பார்கள். பெயர் எதுவானாலும், அதற்குள் நாம் வைப்பது மூட்டைகளை அல்ல, நம் முதலை. வங்கியில் போட்ட பணம் கிடந்த இடத்தில் கிடக்கும். கிட்டங்கியில் போட்ட பணத்தை வண்டு தின்னும், எலி தின்னும், ஈரம் தின்னும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாசி, பங்குனியில் மல்லி வரத்து இருக்கும்போது வாங்கி ஆறு மாதம் வைத்து விற்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார். கணக்குக்காக 40 கிலோ மூட்டை 100, கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லட்சம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு 24,000. கிட்டங்கி வாடகை மாதம் 4,000 வீதம் இன்னொரு 24,000. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மூட்டைக்கு 30 என்றால் 3,000. காய்ச்சலில் எடை 2 சதவீதம் குறைந்தால் 80 கிலோ, அதாவது 8,000. காப்பீட்டுக்கு ஓர் ஆயிரம். ஆகக் கூடி 60,000. கிலோவுக்கு 15 ரூபாய் ஏறினால்தான் முதலுக்கு மோசமில்லை. இதில் வாடகை பாதிகூட இல்லை என்பதைக் கவனிக்கவும். ஆனால் இடம் பார்க்கப் போகும்போது எல்லாரும் பேரம் பேசுவது வாடகையில்தான். மாதம் 500 ரூபாய் குறைவு என்று ஒழுகும் ஷெட்டை எடுத்தால், ஆறு மாதத்தில் மிச்சமாவது 3,000. பத்து மூட்டை மல்லி கறுத்துப் போனால் போவது 40,000.

இடம் பார்க்கப் போகிறவர்கள் நல்ல மழை பெய்த மறுநாள் போகவேண்டும். வெயில் காலத்தில் எல்லாக் கிட்டங்கியும் நல்ல கிட்டங்கிதான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா, சுண்ணாம்பு உப்பிப் பொருமியிருக்கிறதா என்று பார்க்கவும். வெள்ளை அடித்துக் கோட்டை மறைத்திருப்பார்கள், ஆகவே பக்கத்து டீக்கடையில் விசாரிப்பது மேல். நடுப்பகலில் உள்ளே நின்றுகொண்டு கதவுகளை எல்லாம் அடைக்கச் சொல்லுங்கள். இருட்டில் கூரையைப் பார்த்தால் எங்கே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதோ அங்கே எல்லாம் மழையில் ஒழுகும். கதவுக்கடியில் சுண்டு விரல் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். அங்கே தகரம் அடித்துத் தந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட வேண்டும்.

அங்கே முன்பு என்ன சரக்கு இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. உரமோ பூச்சி மருந்தோ இருந்த இடம் நமக்கு ஆகாது. கருவாடு இருந்த இடத்தில் தேயிலையும் மாவும் வைத்தால் வாங்கிய வாடிக்கையாளர் மறுநாளே திருப்பிக் கொண்டுவருவார். அதேபோல் ஒரே கூரைக்கடியில் அடுத்த அறைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பதும் நம் கவலைதான். எங்கள் பகுதியில் பட்டாசும் தீப்பெட்டியும் எங்கே அடுக்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் கிட்டங்கி எடுக்கவேண்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வாய்ச்சொல்லில் விடுவது நம்மவர்களின் பழக்கம். 2019 பிப்ரவரி முதல் நமது மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமே எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, கூரை ஒழுகினால் யார் செலவு, எத்தனை நாளில் சரி செய்வது என்று எழுதாவிட்டால், ஐப்பசி மழையில் சொந்தக்காரரைத் தேடி நாம் அலைய வேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி. பதிவில் அந்த முகவரியைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்கவும் அந்தத் தாள் வேண்டும். சேர்க்காத இடத்தில் சரக்கு இருந்தால், அதிகாரி வரும் அன்று நம் சரக்கே கணக்கில் வராத சரக்காகிவிடும். உணவுப் பொருளுக்குரிய பதிவோ உரிமமோ அந்த இடத்துக்குத் தனியாக எடுக்கவேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத ஒருவரிடம் பதிவு பெற்ற வியாபாரி வணிகக் கட்டடம் வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகைக்கு வரியை வாடகைதாரரே கட்டவேண்டும் என்றாகிவிட்டது. இணக்க முறையில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்குக் கிடைத்தது. உங்கள் ஆடிட்டரைக் கேட்டு வாடகையோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

காப்பீடு பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மளிகை வியாபாரியின் கிட்டங்கியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. உளுந்து ஊறி மூட்டையோடு வெடித்தது, சர்க்கரை சாக்கு மட்டும் மிஞ்சியது. அவர் பன்னிரண்டு வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டி வந்தவர். ஆனால் பாலிசியில் இருந்தது கடையின் முகவரி. கிட்டங்கி எடுத்து எட்டு மாதம் ஆகியும் அதை யாரும் பாலிசியில் சேர்க்கவில்லை. கடைக்குள் நனைந்த சரக்குக்குப் பணம் வந்தது, கிட்டங்கிச் சரக்குக்கு ஒரு பைசா வரவில்லை. அவர் மகளுக்குத் தை மாதம் வைத்திருந்த கல்யாணம் ஆவணிக்குப் போயிற்று.

ஆகவே கிட்டங்கிச் சாவி கைக்கு வந்த அன்றே பாலிசியில் முகவரியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, சேர்த்த தாளைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கியில் சரக்கின் பேரில் கடன் இருந்தால் வங்கிக்கும் எழுதிக் கொடுக்கவேண்டும். 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில், வணிகங்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் இருக்கிறது. அதில் தீயோடு புயலும் வெள்ளமும் அடக்கம். பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். வண்டு விழுந்தது, பூசணம் பிடித்தது என்று எந்தப் பாலிசியிலும் பணம் கேட்க முடியாது. அதைக் காக்கவேண்டியது நாம்தான்.

சரக்கு உள்ளே போகும் முன் ஈரம் பார்க்கவேண்டும். பருப்பு வகைக்கு 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நாள்பட வைக்க முடியாது. ஈரம் பார்க்கும் மீட்டர் இல்லாதவர்கள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தானியமும் ஒரு கரண்டி காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சரக்கு இன்னும் காயவேண்டும். களத்தில் காய்ந்த சரக்கைச் சூட்டோடு அட்டி போட்டு மேலே தார்ப்பாய் மூடுவதும் கெடுதல். சூடு ஆறும்போது உள்ளே வியர்க்கும்.

தரையில் நேராக மூட்டை போடாதீர்கள். சிமெண்டுத் தரை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் மழைக்காலத்தில் ஈரத்தை மேலே இழுக்கும். மரச்சட்டம் போட்டு அதன் மேல் அட்டி போடவேண்டும். சட்டம் கிடைக்காவிட்டால் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் மேலே மூங்கில் பாயும் போடலாம். சுவருக்கும் அட்டிக்கும் இடையே இரண்டடி விடுங்கள். ஓர் ஆள் துடைப்பத்தோடு நுழைய முடியவேண்டும். சுவரை ஒட்டி அடுக்கினால் நாலு மூட்டை அதிகம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பின்வரிசையை வருடம் முழுக்க யாரும் பார்க்கமாட்டார்கள். வாசல் பக்கம் புதுச் சரக்கை இறக்கி வாசல் பக்கமே எடுத்து விற்கிற கடைகளில் பழைய மூட்டை பின்னாலேயே கிடந்து மடியும். ஒவ்வொரு அட்டியிலும் வந்த தேதி, மூட்டை எண்ணிக்கை எழுதிய அட்டை தொங்கட்டும்.

காற்றோட்டம் என்றால் எப்போதும் ஜன்னலைத் திறந்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. காய்ந்த வெயில் நாளில் திறக்கவேண்டும், மழை மூட்டமான நாளில் அடைக்கவேண்டும். ஈரக்காற்றை உள்ளே விட்டால் உப்பும் வெல்லமும் அதைக் குடித்துவிடும். வெல்லம் கசிந்து பக்கத்து அட்டியையும் கெடுக்கும். அதனால் வெல்லத்தைத் தனியாக ஓர் ஓரத்தில் வைக்கவும். மழைக்காலத்துக்கென்று வெல்லம் நிறைய வாங்கிப் போடுவதே என் கருத்தில் சரியில்லை, வாரத்துக்கு வேண்டியதை மண்டியில் எடுத்துக்கொள்ளலாம். நிலக்கடலைப் பருப்பில் ஈரம் பட்டால் வரும் பூசணம் விஷம், அதைக் கழித்து எடுத்து மற்றதை விற்கும் பழக்கம் கூடாது. வத்தலும் புளியும் நிறம் மாறாமல் மாதக்கணக்கில் இருக்கவேண்டும் என்றால் குளிர்பதனக் கிட்டங்கிதான். சாதாரண ஷெட்டில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் புளி கறுப்பதை நிறுத்த முடியாது.

வண்டு விஷயம் கேளுங்கள். பயறு வண்டு பெரும்பாலும் காட்டிலிருந்தே சரக்கோடு வந்துவிடுகிறது. முழுப்பயறின் தோலில் முட்டையை ஒட்டிவிடும். புழு பொரிந்து உள்ளே துளைத்துத் தின்று, வண்டாகி ஓட்டை போட்டு வெளியே வரும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பவருக்கு ஒரு தலைமுறை வண்டு தப்பிவிடும் என்று அர்த்தம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு அட்டியிலும் நாலு மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்கவேண்டும். உடைத்த பருப்பில் இந்த வண்டு குறைவு. ஆகவே நாள்பட வைக்கவேண்டியவர்கள் முழுப் பாசிப்பயறாக வைப்பதைவிடப் பருப்பாக வைக்கலாம். பழைய சாக்கை வெயிலில் நன்றாகக் காயப்போட்டு உதறாமல் திரும்ப உபயோகிக்கக் கூடாது, தையலுக்குள் வண்டு இருக்கும். வேப்பிலையும் வசம்பும் வீட்டுப் பானைக்குச் சரி. நூறு மூட்டைக்கு அது போதாது.

அதற்காக வண்டு மாத்திரையை வாங்கி மூட்டைக்குள் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை 3 கிராம் என்றால் அதிலிருந்து 1 கிராம் விஷவாயு வரும். பயிற்சியும் அனுமதியும் பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார்தான் காற்றுப் புகாத தார்ப்பாய் மூடி, நாள் கணக்குப் பார்த்து இதைச் செய்யவேண்டும். மாடியில் குடித்தனம் இருக்கும் கட்டடத்தில் அவர்களையும் செய்ய விடாதீர்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு பச்சைக் குழந்தைகள் போனதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எலிக்குப் பொறியும், சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டி எடுப்பதும் போதும்.

இவ்வளவும் நம்மால் பார்க்க முடியாது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1958லிருந்து இருக்கிறது. மத்திய கிடங்கு நிறுவனம் அதற்கு ஓராண்டு மூத்தது. இவற்றில் விவசாயிகள் மட்டுமல்ல, வியாபாரிகளும் சரக்கு வைக்கலாம். மருந்தடிப்பதும் அட்டி பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. பதிவு பெற்ற கிடங்கின் ரசீதைக் காட்டி வங்கியில் கடன் பெறலாம். சாவி நம் கையில் இல்லை, வேண்டும்போது ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு மூட்டை எடுக்க முடியாது என்பதுதான் குறை. மொத்தமாக வாங்கி மொத்தமாக எடுப்பவர்களுக்கு அது குறையே அல்ல. எங்கே வைத்தாலும், அரசு பருப்புக்கு இருப்பு வரம்பு போடும் காலங்களில் கிட்டங்கிச் சரக்கும் கணக்கில் சேரும். 2024 ஜூன் 21 முதல் செப்டம்பர் 30 வரை துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் அப்படிப் போட்டார்கள். மொத்த வியாபாரிக்கு ஒவ்வொன்றிலும் 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்பது அப்போதைய அளவு.

சென்னை போன்ற ஊர்களில் இப்போது செல்ப் ஸ்டோரேஜ் என்று சிறு சிறு அறைகளாகப் பிரித்து, பூட்டும் சாவியும் நம்மிடமே கொடுத்து மாத வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் உணவுப் பொருளையும் எரியும் பொருளையும் அனுமதிப்பதில்லை. கடையைப் புதுப்பிக்கும்போது ரேக், தராசு, கண்ணாடி அலமாரி வைக்கவும், பழைய கணக்குப் புத்தகங்களை வைக்கவும் உதவும். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். அவற்றை மளிகைச் சரக்கோடு சேர்த்துக் கிட்டங்கி மூலையில் போட்டால் செல் அரித்துவிடும். மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியையும் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைக்கவும்.