கவிதாவுக்கு வேறு வழி இருந்ததா?

'அவள் ஒரு தொடர்கதை' படத்தை எத்தனை முறை பார்த்தாலும், கவிதாவைத் 'தியாகி' என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனசு வருவதில்லை. 1974-ல் கே. பாலசந்தர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கவிதாவாக வந்த சுஜாதாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம்.

அப்பா சாமியாராகப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன், ஆனால் அவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளைகள் உண்டு. அம்மா, விதவைத் தங்கை, கல்யாணத்துக்கு நிற்கும் இன்னொரு தங்கை, கண் தெரியாத தம்பி... இத்தனை வயிறும் நிறைவது கவிதாவின் ஆபீஸ் சம்பளத்தில்தான். காதலித்தவனோ, விதவைத் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். ஒருவழியாக இவளுக்கும் கல்யாணம் கூடி வரும்போது அண்ணன் இறந்துபோகிறான். மணமகளாகத் தங்கையை உட்கார வைத்துவிட்டு, கவிதா மறுபடி வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள்.

"பொண்ணுன்னா இப்படி இருக்கணும்!" என்று என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எனக்கோ கோபம்தான் வரும். விட்டுக்கொடுத்தது கவிதாதான், சரி. ஆனால், அவளுக்கு வேறு வழி இருந்ததா?

அவள் வீட்டில் சிடுசிடுவென்று எரிந்து விழுகிறாளே, அதுதான் எனக்குப் பிடித்தது. பிள்ளை சம்பாதித்தால் அவன் கோபத்துக்கு வீடே அடங்கிப் போகிறது. பெண் சம்பாதித்துக் கோபப்பட்டால் மட்டும் திமிர் என்கிறோம்.

இதே கதை 1976-ல் ஜெயப்ரதா நடித்துத் தெலுங்கிலும், 1982-ல் ரேகா நடித்து இந்தியிலும் வந்தது. கவிதாக்கள் இல்லாத ஊர் ஏது?

எங்கள் வீட்டிலும் ஒருத்தி உருவாகப் பார்த்தாள். வேலைக்குப் போகும் என் மகளுக்கு நல்ல வரன் வந்தது. "பையன் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, தள்ளிப் போடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். கெட்ட எண்ணமில்லை, மாதக் கணக்கு அப்படி. "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

மகள் தெளிவாகச் சொன்னாள்: "தம்பி பீஸ்ல பாதி நான் கட்டறேன்ப்பா. கல்யாணத்துக்கப்புறமும் கட்டறேன். ஆனா என் கல்யாணத் தேதிய அவன் படிப்பு முடிவு பண்ணக் கூடாது."

மீதிப் பாதிக்கு என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. போகட்டுமே! தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

தோழிகளே, பெண் சம்பாத்தியத்தில் வீடு நடப்பது தப்பில்லை. அவள் வாழ்க்கையையும் சேர்த்துச் செலவுக் கணக்கில் எழுதுவதுதான் தப்பு. உங்கள் மகளுக்குச் சம்பளம் வந்ததும், "வீட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "உனக்குன்னு எவ்வளவு எடுத்து வச்சே?" என்று கேட்டுப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்