டெங்குவுக்குக் கொசு, சாலைக்கு வேகம்

தெருவில் ஒருவருக்கு டெங்கு வந்தால் சுகாதாரப் பணியாளர்கள் மொட்டைமாடிவரை ஏறி, பழைய டயரிலும் உடைந்த தொட்டியிலும் தேங்கிய தண்ணீரைத் தேடிக் கொட்டுகிறார்கள். அதே தெருமுனையில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து இறந்தால், "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். சாலைக் காயமும் காரணம் தெரிந்த, தடுக்கக்கூடிய நோய்தான்.

வண்டி குறைவு, சாவு அதிகம்

உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணக் காரணங்களில் இதற்கே முதலிடம். இறப்புகளில் 92 சதவீதம் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நேர்கின்றன. உலக வாகனங்களில் சுமார் 60 சதவீதம்தான் அங்கே ஓடுகின்றன.

ஏன் இப்படி? லாரி பறக்கும் சாலையில்தான் பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் போகிறது. நடைபாதை இருந்தாலும் அதில் கடை இருக்கிறது. நடப்பவர் சாலைக்கு இறங்குகிறார். குடும்பமே ஒரு பைக்கில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர்.

தலைக்குள் நடப்பது

டெங்குவைக் கொசு சுமந்து வருகிறது. இங்கே அடியைச் சுமந்து வருவது வேகம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தலை தரையில் மோதி நின்றாலும் உள்ளே மூளை நிற்பதில்லை. மண்டையோட்டில் போய் இடிக்கிறது, ரத்தக்குழாய் கிழிகிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாக்கோல் போன்ற பகுதி நசுங்கி அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால், தலை தரையைத் தொடுமுன் அது கழன்று ஓடிவிடும்.

"ஒன்றும் ஆகலை" என்றால்

விழுந்தவர் எழுந்து, தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்துக் கடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் வரலாம். "அசதியில் தூங்குறான், விடு" என்று வீட்டார் நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்தானது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டியது

சோடாவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். மயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் இறங்கும். கழுத்தைத் திருப்பாதீர்கள், ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108ஐ அழையுங்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது.

தொட்டியை மூடுவது எப்படி?

பள்ளி வாசலில் வேகத்தடை, நடப்பவருக்கு நடைபாதை, இரவில் வெளிச்சம் ஆகியவை அரசின் வேலை. கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை. குடித்தவரிடம் சாவியைக் கொடுக்காதிருப்பதும், பின்னால் அமரும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வாங்குவதும் வீட்டின் வேலை. பெட்ரோல் டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட், மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டி மாதிரி. போலீஸ் நிற்கிறாரா என்று பார்த்துக் கொசு கடிப்பதில்லை.