நுக்தாவில் தொடங்கும் அழகு

உங்கள் இல்லத்து முன்கூடத்துச் சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். ஆயத்துல் குர்ஸியோ கலிமாவோ சட்டமிடப்பெற்றுத் தொங்கிக் கொண்டிருக்கும். எழுத்துகள் ஒன்றன்மீது ஒன்றாக ஏறிப் பின்னிக் கிடக்கும். அதனை எழுத்துக்கூட்டி வாசிக்குமாறு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். திருக்குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதும் பிள்ளையும் அங்கே சற்றுத் திகைத்து நிற்கும். எழுதிக் காட்டச் சொன்னாலோ பெரும்பாலும் மௌனமே விடையாகும். ஓதக் கற்பிக்கும் அளவிற்கு எழுதக் கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே குறைந்துவிட்டது. அரபுத்தமிழில் கடிதம் எழுதிய பாட்டிமார் வாழ்ந்த சமுதாயம் இது. முதன்முதல் அருளப்பட்ட திருவசனங்களிலேயே எழுதுகோல் இடம்பெற்றிருப்பதையும் நாம் அறிவோம்.

அரபு எழுத்தணிக் கலையைக் கைத்திறன் வாய்த்த சிலருக்கே உரியது என எண்ணி நாம் ஒதுங்கி விடுகிறோம். உண்மையில் அது அளவையின் கலை. அந்த அளவையை வகுத்தவர் அப்பாஸியர் ஆட்சியில் மும்முறை அமைச்சராயிருந்த இப்னு முக்லா. எழுதுகோலின் முனையை ஒருமுறை அழுத்தி இழுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளி இருக்கிறதல்லவா? அந்த நுக்தாவையே அவர் அளவுகோலாக்கினார். அலிஃபின் உயரம் இத்தனை நுக்தா. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திற்குள் ஏனைய எழுத்துகளின் வளைவுகள் அடங்க வேண்டும். இவ்வளவுதான் விதி. அரசியல் பகை அவரது வலக்கரத்தைத் துண்டித்தது. துண்டிக்கப்பட்ட கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். கி.பி. 940இல் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் வகுத்த விதியோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

அவர் வழியைச் செம்மைப்படுத்திய இப்னுல் பவ்வாப், பெயருக்கேற்ப ஒரு வாயிற்காவலரின் மைந்தர். ஹிஜ்ரி 391இல் பக்தாதில் அவர் எழுதிய திருக்குர்ஆன் பிரதி அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இனி எழுத்து வகைகளைக் காண்போம். ஈராக்கின் கூஃபா நகரின் பெயரால் வழங்கும் 'கூஃபி' மிகப் பழையது. கோணங்களும் நேர்கோடுகளும் மிகுந்தது. தொடக்ககால முஸ்ஹஃபுகள் பல இவ்வகையில் தோலில் எழுதப்பட்டன. 'நஸ்க்' நம் கண்களுக்குப் பழகியது. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புவோர் கொண்டுவரும் மதீனா முஸ்ஹஃபு இவ்வகையே. அதன் எழுத்துகள் அச்சுக்கோத்தவை என நினைத்து விடாதீர்கள்; ஸிரியா நாட்டவரான உஸ்மான் தாஹா அவர்கள் பக்கம் பக்கமாகக் கையால் எழுதியவை. 'ஸுலுஸ்' கம்பீரமானது. கஃபாவின் கிஸ்வாவில் பொன்னிழையால் மின்னுவது அதுவே. தாஜ்மஹாலின் வாயில்களில் அமானத் கான் எழுதியதும் அதுவே. உயரே செல்லச் செல்ல எழுத்துகளைப் பெரிதாக்கி, கீழே நின்று காண்போருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தோன்றும்படி அவர் அமைத்த நுட்பம் வியப்பிற்குரியது.

பாரசீகத்தில் பிறந்து உர்தூவின் சொந்த எழுத்தாகிவிட்ட 'நஸ்தஃலீக்' சாய்ந்து இறங்கும் அழகுடையது. 1927இல் சென்னையில் தொடங்கப்பெற்ற 'முஸல்மான்' உர்தூ நாளிதழைக் காத்திபுகள் பல்லாண்டுகள் இவ்வெழுத்தில் கையாலேயே எழுதி அச்சுக்குத் தந்தனர். உஸ்மானியர் அரண்மனையில் வளர்ந்த 'தீவானி', அன்றாடப் பயன்பாட்டிற்குரிய 'ருக்ஆ' ஆகியனவும் உள.

எங்கிருந்து தொடங்குவது? ருக்ஆவிலிருந்து தொடங்கும் ஆசிரியர்களும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு நஸ்கே ஏற்றது என்பது என் கருத்து. அதன் வடிவம் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்துள்ளது. ஸுலுஸின் கவர்ச்சியில் மயங்கி முதலிலேயே அதில் இறங்குவோர் விரைவில் சோர்ந்து விடுவர்.

சாதாரண பால்பாயின்ட் பேனா இதற்கு உதவாது. அதன் கோடு எங்கும் ஒரே தடிமன். தட்டையான முனை வேண்டும். நன்கு காய்ந்த நாணலோ மெல்லிய மூங்கிற் குச்சியோ போதும். ஒரு நுனியைச் சாய்வாகச் சீவி, உட்புறத்தை மெலிதாக்கி, மை இறங்குவதற்கு முனையின் நடுவே சிறு பிளவு இடுங்கள். பின்னர் முனையைச் சற்றே சரிவாக வெட்டுங்கள். கத்தி வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். இடக்கையால் எழுதும் பிள்ளைக்குச் சரிவை எதிர்ப்புறமாக அமைக்கலாம். சிறுவர்களுக்கு இரு பென்சில்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாலும் தடிப்பும் மெலிவும் விளங்கிவிடும்.

மைக்கூட்டில் சிறிதளவு பட்டு நூலை இட்டு வைப்பது பழைய உத்தி. கோல் தேவைக்கு மேல் மையை அள்ளாது. தாள் வழவழப்பாக இருக்கட்டும். அதன் அடியில் நான்கைந்து தாள்களை மெத்தைபோல் இடுங்கள்.

முதல் வாரம் நுக்தா மட்டுமே. கோலின் சாய்வை மாற்றாமல், எல்லாப் பக்கமும் சமமான சாய்சதுரம் விழும்வரை எழுதுங்கள். பிறகு ஐந்து நுக்தாக்களை மூலையோடு மூலை தொட மேலும் கீழுமாக அடுக்குங்கள். அருகில் அதே உயரத்திற்கு ஓர் அலிஃப். நஸ்கில் அலிஃபின் அளவு அதுதான். ஸுலுஸில் 7, ருக்ஆவில் 3. பிறகு பே, ஜீம், ரே எனச் செல்லலாம். நாள்தோறும் மக்ரிபுக்குப் பின் அரைமணி நேரம் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வாரம் முழுதும் விடுவதால் பயனில்லை.

தனி எழுத்துகள் கைவந்தபின் சேர்த்தெழுதுங்கள். துருக்கிய ஆசான்களின் மரபில், காரியத்தை எளிதாக்கித் தருமாறு இறைவனிடம் கேட்கும் சிறு துஆவே மாணவரின் முதற்பாடம். மாணவர் எழுதியதன் கீழே ஆசான் சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவார். இவ்வாறு ஆண்டுகள் பல சென்றபின்பே, தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை இட 'இஜாஸா' கிடைக்கும். ஆசான் இல்லாத ஊரில் முஸ்ஹஃபே மாதிரி. அதன் ஓர் எழுத்தைப் பெரிதாக நகலெடுத்து, நுக்தாவால் அளந்து ஒப்பிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சித் தாள்கள் கசங்கும், சிதறும், காலில் மிதிபடும். எனவே கை திருந்தும்வரை தனி எழுத்துகளையும் 'கலம்', 'பாப்' போன்ற பொதுச் சொற்களையும் மட்டுமே எழுதச் செய்யுங்கள். அல்லாஹ்வின் திருநாமமோ இறைவசனமோ எழுதிய தாள்களை வேறாக எடுத்து வைக்க வீட்டில் ஒரு பெட்டியை ஒதுக்குங்கள்.