கடலடியில் ஒரு வெட்டுக்கருவி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குக் கடல் தொலைவில் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் படகேறினால் பூலாவ் கெத்தாம் தீவை அடையலாம். ஆனால், அந்த நீர் சேறு கலந்து கலங்கியிருக்கும். எனவே, ஸ்கூபா முக்குளிப்பு கற்கும் கோலாலம்பூர்வாசிகள் நீச்சல் குளத்தில் பயிற்சி பெற்ற பின் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் முதலிய கிழக்குக் கரைத் தீவுகளை நாடுகின்றனர். அவர்களின் பயணப் பையில் நீர்க்கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்பு ஆகியவற்றோடு சிறிய வெட்டுக்கருவி ஒன்றும் இருக்கும். திரைப்பட நாயகர்கள் சுறாவோடு போராடக் கத்தியை உருவுவார்கள். உண்மையான முக்குளிப்பாளருக்கு அக்கருவி நூலை அறுப்பதற்காகத்தான் தேவைப்படுகிறது.

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் இத்தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரையில் மீன்பிடிக்கத் தடை உண்டு. எனினும், அறுந்துபோன வலைக்கு எல்லைக்கோடு தெரியாது. நீரோட்டம் அதை இழுத்து வந்து பவளப்பாறையில் மாட்டிவிடுகிறது. பிடித்தவர் யாருமின்றியே மீன்களைச் சிக்கவைப்பதால் இதனைப் ‘பேய்வலை’ என்பர். முற்காலப் பருத்தி வலை நாளடைவில் மக்கிப்போகும். நைலான் அவ்வாறு மக்குவதில்லை. தூண்டிலில் கட்டும் தங்கூசி நரம்போ நீருக்குள் கண்ணுக்கே தெரியாது. அது முதுகிலுள்ள காற்றுருளையின் வால்வில் சுற்றிக்கொண்டால், முக்குளிப்பாளரால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. திரும்பத் திரும்ப நூல் மேலும் இறுகும்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 11 லிட்டர் காற்றுருளையில் 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்று இருக்கும். நீர்ப்பரப்பில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்காவதால் 60 லிட்டர் செலவாகும். பதற்றத்தில் மூச்சு இருமடங்கானால் 120 லிட்டர். பாதிக் காற்று தீர்ந்த நிலையில் சிக்கிக்கொண்டவருக்கு எஞ்சியிருப்பது சுமார் ஒன்பது நிமிடம். மேலேறுவதற்கான காற்றும் அதற்குள்தான் அடக்கம். ஆகவே, சிக்கியவர் முதலில் அசைவதை நிறுத்தி, உடன் வந்த இணையருக்குச் சைகை காட்ட வேண்டும். அதன் பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைத் துணையாகக் கொண்டு இறங்குவர். தோணியில் இருப்பவர் கயிற்றை இழுத்து அவர்களை மேலேற்றுவார். அவர்களுக்குக் கயிறே உயிர். மேலிருந்து இழுக்க ஆளில்லாத இன்றைய முக்குளிப்பாளருக்கோ கயிறே ஆபத்து.

அப்படியானால் எந்தக் கருவி நம்பத்தக்கது? புதியவர்கள் பெரும்பாலும் நீளமான கூர்முனைக் கத்தியைத்தான் விரும்புகின்றனர். பார்க்க எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். தளர்ந்து மிதக்கும் வலையில் கத்தியை வைத்து இழுத்தால் வலையும் கூடவே நகரும். கூர்முனை காற்றுக் குழாயையோ இணையரின் கையையோ குத்திவிடக்கூடும். கத்திதான் வேண்டுமென்றால், முனை மழுங்கியதாகவும் விளிம்பின் ஒரு பகுதி ரம்பப் பல் போன்றதாகவும் உள்ள சிறிய கத்தி போதும். அதைவிட, கொக்கி வடிவ நூல்வெட்டி புதியவருக்கு ஏற்றது. அதன் குறுகிய பிளவுக்குள் அலகு மறைந்திருப்பதால் நூல் மட்டுமே அறுபடும்; கையில் வெட்டு விழாது. ஆனால், தடித்த கயிறு அப்பிளவுக்குள் நுழையாது. அதற்கு மருத்துவ உதவியாளர்கள் துணி வெட்டப் பயன்படுத்தும் வலிய கத்தரிக்கோல் கைகொடுக்கும். அனுபவசாலிகள் பலர் இருவகைக் கருவிகளை வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது உலோகம். வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காதபோது எவர்சில்வர் கத்தி ஏன் கடலில் துருப்பிடிக்கிறது? எஃகிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அலகு கூர்மையாக நிலைக்க எஃகில் கரிமம் மிகுதியாக வேண்டும். அக்கரிமமோ குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. காப்புக்குக் குரோமியம் குறைய, உப்புநீர் அலகை அரிக்கிறது. டைட்டேனியம் துருப்பிடிக்காது; ஆனால், விலை அதிகம், கூர்மையும் விரைவில் மழுங்கும். எதை வாங்கினாலும் ஒவ்வொரு முக்குளிப்புக்குப் பின்னும் நன்னீரில் கழுவி, உலர்த்தி வைக்க வேண்டும். உறையினுள் தங்கும் உப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருவியை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். முன்பு கெண்டைக்காலில் கட்டுவது வழக்கம். வலையில் கால் மாட்டிக்கொண்டால் அங்கே கை எட்டாது. கத்தியின் பிடியிலேயே நூல் சிக்குவதும் உண்டு. எந்தக் கை சிக்கினாலும் மற்றக் கையால் எடுக்கக்கூடிய மார்புப் பட்டையே பொருத்தமான இடம்.

பயணத்திலும் கவனம் தேவை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலுள்ள கே.எல். சென்ட்ரலில் ரயிலேறி விமான நிலையம் செல்பவர், கத்தியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் அது பறிமுதலாகும். பதிவு செய்யும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சட்டப்படியான காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எனவே, முக்குளிப்பு நாளன்றி அதை இடுப்பில் மாட்டித் திரிவது தகாது.

கடையில் காகிதத்தை வெட்டிப் பார்த்து வாங்குவது போதாது. தூண்டில் கடையில் சில மீட்டர் தங்கூசியும் பழைய வலைத்துண்டும் கேட்டு வாங்கலாம். அவற்றை ஒரு வாளி நீரில் தளர்வாக மிதக்கவிட்டு, கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, நூல்வெட்டியை இடக்கையால் உறையிலிருந்து எடுத்து அறுத்துப் பார்க்கலாம். பிறகு வலக்கையால். எத்தனை விநாடி ஆகிறது என்பதை அருகிலிருப்பவர் எண்ணட்டும்.