மக்கு இல்லை உங்கள் பிள்ளை!

இரவு ஒன்பது மணி. தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் தமிழ்ப் புத்தகத்தின் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறான். "எதிர்வீட்டுப் பொண்ணு கடகடன்னு வாசிக்கிறா. உனக்கு மட்டும் என்னடா கேடு?" என்று முதுகில் ஒன்று வைக்கிறீர்கள்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? கொஞ்சம் பொறுங்கள்!

இதே பையன் கிரிக்கெட் ஸ்கோரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பாடத்தை வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் வரும். எழுதச் சொன்னால்தான் வம்பு! ‘கடல்’ ‘கலட’ ஆகிவிடும். 21, 12 ஆகும். போர்டில் இருப்பதில் பாதிதான் நோட்டுக்கு வரும். சின்ன வயதில் எல்லாக் குழந்தைகளும் இப்படித் தடுமாறுவதுண்டு. ஏழு, எட்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்ஸியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா.

எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது. சோம்பேறித்தனமோ, உங்கள் வளர்ப்பின் தவறோ இல்லை. இதற்கு மாத்திரை, டானிக் கிடையாது. சொல்லித்தரும் முறைதான் மருந்து!

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், மருத்துவ உளவியலாளரிடம் மதிப்பீடு செய்யலாம். அடுத்து, பள்ளிக்கூடம்.

1995-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்றவை 7 குறைபாடுகள்தான். கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ம் வருடச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டு, இதையும் சேர்த்தது. இப்படிப்பட்ட குழந்தைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து, ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே, டீச்சரிடம் தயங்காமல் கேளுங்கள்:

* முன் பெஞ்சில் உட்கார வைப்பீர்களா?

* வாய்மொழியாகவும் பதில் கேட்பீர்களா?

* எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பீர்களா?

* தனியாகச் சொல்லித்தர சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரா?

அந்தச் சிறப்புப் பயிற்சி டியூஷன் அல்ல. எழுத்தை மணலில் விரலால் எழுதி, அதன் ஒலியைச் சொல்லி, சொல்லைத் துண்டு துண்டாக்கிச் சேர்ப்பது... கண், காது, கை மூன்றும் சேர்ந்து படிக்கும். ‘மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்’ போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி தருகின்றன.

"அதான் பத்தாவதுல சலுகை இருக்கே, அப்ப பார்த்துக்கலாம்" என்கிறார்கள் சிலர். உண்மைதான். தகுந்த சான்றிதழோடு பள்ளி மூலம் விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகள் நம் மாநிலத்தில் உண்டு. ஆனால், சலுகை பரீட்சையைத் தாண்டத்தான் உதவும், வாசிக்கக் கற்றுத்தராது. அதற்குள் "நான் மக்கு" என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், அதை எந்தச் சான்றிதழாலும் அழிக்க முடியாது. சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல், சந்தேகம் வந்த வகுப்பிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள்.

இன்று இரவு புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவன் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கே புரியும்!