தாதியர் பற்றாக்குறை: ஆள் சேர்த்தால் மட்டும் போதுமா?

மருத்துவமனைப் படுக்கையில் மணியை அழுத்திவிட்டு, "ஏன் இன்னும் யாரும் வரல?" என்று காத்திருந்ததுண்டா? தாதி அப்போது வேறொரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

ஏன் கூடுதல் தாதியர் தேவை?

சிங்கப்பூர் வேகமாக மூப்படைகிறது. 2030இல் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு 65 வயது அல்லது அதற்கு மேல் இருக்கும். புதிய மருத்துவமனை கட்டலாம். கவனிக்க ஆள் வேண்டுமே!

ஆள் எடுத்தால் சரியாகிடுமா?

முழுசா இல்லை. வந்தவர்கள் நீடிக்கணும். 2021இல் பொதுச் சுகாதாரத் துறையில் வெளிநாட்டுத் தாதியரில் 14.8 விழுக்காட்டினர் வேலையைவிட்டு விலகினர். உள்ளூர்த் தாதியரிடையே அது 7.4 விழுக்காடு. கிருமிப்பரவல் காலக் களைப்பு ஒரு பக்கம். தாதியருக்கு உலகெங்கும் நிலவும் போட்டி இன்னொரு பக்கம். அனுபவசாலி போய்விட்டால், புதியவருக்குக் கற்றுத்தரும் கையும் குறைகிறது.

என்ன செய்றாங்க?

2024இல் 'ஏஞ்சல்' திட்டம் அறிவிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் தகுதிபெற்ற தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கலாம். குறைந்தது 4 ஆண்டு சேவையாற்றிய வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும்.

பணம் மட்டும் போதுமா?

இரவு வேலை, ஓயாத நடை, சில நேரம் நோயாளிகள், குடும்பத்தாரின் வசவு. சுகாதார ஊழியர்களைத் துன்புறுத்துவதைச் சகித்துக்கொள்ள முடியாது என்பது சுகாதார அமைச்சின் நிலைப்பாடு. ஆனால் வார்டில் தாதியிடம் பேசுவது நாம்தான். அடுத்த முறை மணியை அழுத்தும்போது, கொஞ்சம் பொறுமை. அதுவும் அவர்களைத் தக்கவைக்கும்.